வீட்டுத் தோட்டத்திற்கு எப்போது, எவ்வளவு நீர்?
புதுவை மண்ணுக்கும் கிணற்று நீருக்கும் ஏற்ற பாசன முறை

கொல்லையில் நாலு கத்தரி, ஒரு பாத்தி கீரை, பத்து வெண்டை, பந்தலில் புடலோ பாகலோ என்று வைத்திருக்கும் குடும்பங்கள் புதுவை நகரிலும் சுற்றியுள்ள கொம்யூன்களிலும் இன்றும் ஏராளம். இவர்கள் விதை பற்றிக் கேட்கிறார்கள். எரு, மருந்து பற்றிக் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர் மிகவும் குறைவு. தண்ணீர் ஊற்றுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் மிளகாயில் பூ உதிர்வது, தக்காளியின் அடிப்பகுதி கறுப்பது, வெள்ளரி கசப்பது, முள்ளங்கி வெடிப்பது, நாற்றங்காலில் நாற்று மடிவது, இலையின் ஓரம் கருகுவது போன்ற பல குறைகள் நீர் விடும் முறையிலிருந்தே தொடங்குகின்றன. இவற்றுக்கு மருந்துக் கடையில் தீர்வு தேடுவது வீண் செலவு.

புதுவைப் பகுதி உழவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் நெல்லும் கரும்பும் பயிரிட்டு வளர்ந்த கை, காய்கறிப் பாத்தியைக் கண்டதும் மடையைத் திறந்து நிரப்பிவிடுகிறது. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லக் குழாய் போன்ற இடைவெளிகள் இருப்பதால் அது நிற்கும் நீரில் வாழும். கத்தரிக்கும் தக்காளிக்கும் அந்த அமைப்பு இல்லை. அவற்றின் வேருக்குத் தேவையான காற்று மண்ணின் இடுக்குகளிலிருந்தே கிடைக்கவேண்டும். இடுக்குகள் முழுவதும் நீர் நிறைந்து ஓரிரு நாட்கள் நின்றால் வேர் மூச்சுத் திணறும். இதற்கு நேர்மாறாக, நகர வீடுகளில் மாலைதோறும் ரப்பர் குழாயைப் பிடித்து இலைகளை நனைத்துவிட்டு, தோட்டத்திற்கு நீர் விட்டதாக நினைக்கிறார்கள். கையால் கிளறிப் பார்த்தால் அங்கே ஒரு விரற்கடைக்குக் கீழே மண் புழுதியாக இருக்கும்.

"எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் விடவேண்டும்?" என்ற கேள்விக்கு எல்லார்க்கும் பொதுவான விடை கிடையாது. நட்டவுடன் ஒரு நீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு வாரம் ஒரு முறை என்று சாகுபடிக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது நடுத்தரமான வயல் மண்ணுக்குச் சொன்னது. கடற்கரை மணலில் வாரம் ஒரு முறை என்றால் கோடையில் செடி மிஞ்சாது. விடை முதலில் மண்ணில் இருக்கிறது. புதுவையைப் பொறுத்தவரை தண்ணீரின் உப்பிலும் இருக்கிறது.

மண்ணை அறிதல்

புதுவைப் பகுதியில் சில கிலோமீட்டர் தூரத்திற்குள்ளேயே மூன்று வகை மண்ணைக் காணலாம். கடற்கரையை ஒட்டிய குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பகுதிகளில் மணல். இலாசுப்பேட்டை, கோரிமேடு, காலாப்பட்டு மேட்டு நிலத்தில் செம்மண். சங்கராபரணி ஆற்றோரம் வில்லியனூர்ப் பக்கமும், தெற்கே பாகூர் ஏரிப் பாசனப் பகுதியிலும் வண்டலும் களியும். ஒரே தெருவில்கூட, வீடு கட்டும்போது கொட்டிய மண்ணால் இது மாறியிருக்கலாம். ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல் கைப்பிடி மண்ணை எடுத்துச் சோதிப்பதே சரி. மண்ணை நீர் விட்டுப் பிசையுங்கள். உருண்டையாகப் பிடிக்க முடியாமல் உதிர்ந்தால் மணல். உருண்டை நிற்கிறது, ஆனால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கினால் நாடா போல நீளாமல் சிறு துண்டிலேயே உடைகிறது என்றால் நடுத்தர மண். ஐந்து செ.மீ.க்கு மேல் நாடா நீண்டு நின்றால் களி.

ஒவ்வொரு மண்ணும் தன்னிடம் பிடித்துவைத்துப் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் வேறு வேறு. 10 செ.மீ. ஆழத்திற்கு மணல் ஏறக்குறைய 6 மி.மீ. நீரைத் தரும், செம்மண் கலந்த நடுத்தர மண் 12 மி.மீ.; களி 18 மி.மீ. காய்கறிச் செடியின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் 30 செ.மீ.க்குள் இருப்பதாகக் கொண்டால், இந்த ஆழத்தில் மணலில் 18, நடுத்தர மண்ணில் 36, களியில் 54 மி.மீ. நீர் இருப்பில் உள்ளது. இருப்பு முழுவதும் தீரும்வரை காத்திருக்கக் கூடாது. பாதி தீர்ந்ததும் அடுத்த நீர் விடவேண்டும். பாதிக்குப் பிறகு மண் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், செடி இழுத்து எடுக்கச் சிரமப்படும். வாடல் கண்ணுக்குத் தெரியும் முன்பே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் நன்கு படர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 6 மி.மீ. நீரை ஆவியாக விடுகின்றன. மேலே சொன்ன இருப்பின் பாதியை இதனால் வகுத்துப் பாருங்கள். மணலில் ஒன்றரை நாள். நடுத்தர மண்ணில் மூன்று நாள். களியில் நாலரை நாள். அதாவது அக்கினி நட்சத்திர நாட்களில் மணல் தோட்டத்திற்கு நாள் விட்டு நாளாவது நீர் வேண்டும். வெயில் கடுமையானால் தினமும் வேண்டியிருக்கும். செம்மண்ணுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை, களிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு முறை போதும். மார்கழி, தையில் நாள் தேவை 3 முதல் 4 மி.மீ. ஆகக் குறைவதால் இந்த இடைவெளிகளை ஒன்றரை மடங்குக்கு மேல் நீட்டலாம்.

மூன்று மண்ணிலும் ஒரு மாதத்திற்கு ஆகும் மொத்த நீர் ஏறக்குறைய ஒன்றே என்பதையும் இக்கணக்கில் காணலாம். மணலுக்கு நீர் அதிகம் வேண்டும் என்பது சரியல்ல. அதே நீரைச் சிறுகச் சிறுக, பலமுறை பிரித்துக் கொடுக்கவேண்டும். மணலில் ஒரே நேரத்தில் அதிகம் ஊற்றினால் மிகுதி வேருக்குக் கீழே இறங்கிப் போகும். போகும்போது நீங்கள் இட்ட தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

எத்தனை குடம்?

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். அதில் 1 மி.மீ. நீர் என்றால் 40 லிட்டர். கோடையில் 6 மி.மீ.க்கு 240 லிட்டர். ஆனால் நடைபாதை, வரப்பு போகப் பயிர் நிற்கும் பரப்பு மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஆகவே ஒரு சென்ட் தோட்டத்திற்குக் கோடையில் நாளொன்றுக்கு 160 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பதினோரு குடம் என்று கொள்ளலாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள ஒரு பாத்திக்கு நாள் தேவை 12 லிட்டர். மணல் பாத்தியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை 24 லிட்டர், செம்மண் பாத்தியில் மூன்று நாளுக்கு 36 லிட்டர், களியில் நாலரை நாளுக்கு 54 லிட்டர்.

குழாயில் நீர் விடுபவர் 15 லிட்டர் வாளி ஒன்று நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு நிமிடத்தில் நிறைந்தால், செம்மண் தோட்டம் ஒரு சென்டிற்கு மூன்று நாள் நீரான 480 லிட்டரும் விழ 32 நிமிடம் ஆகும். நகரத்து வீடுகளில் பத்து நிமிடம் குழாய் பிடிப்பதையே பெரிய பாசனமாக நினைக்கிறோம். வாய்க்கால் வழியாகப் பாய்ச்சினால் வழியில் ஊறி வீணாவதற்கும் சேர்த்துக் கூடுதலாக விடவேண்டும்.

கணக்கு வழிகாட்டி மட்டுமே. இறுதித் தீர்ப்பு களைக்கொத்தின் நுனியில் இருக்கிறது. நீர் விடுமுன் செடிக்கு ஒரு சாண் தள்ளி 10 செ.மீ. ஆழம் கொத்தி, அடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். செம்மண்ணிலும் களியிலும் அது உருண்டையாகப் பிடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, நாளை பார்த்துக்கொள்ளலாம். பொடிந்தால் இன்றே நீர் வேண்டும். மணல் எப்படியும் உருண்டையாகாது. கையில் குளிர்ச்சியும், விரலில் ஒட்டும் தன்மையும் உள்ளதா என்று பார்க்கவேண்டும். நீர் விட்ட மறுநாள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் செருகுங்கள். நனைந்த ஆழம் வரை எளிதாக இறங்கி, உலர்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். 30 செ.மீ. இறங்கினால் போதும். 10 செ.மீ.யிலேயே நின்றால் நீங்கள் நனைத்தது மேல்தோலை மட்டுமே.

மேல்தோலை மட்டும் தினமும் நனைத்தால் வேரும் அங்கேயே தங்கிப் பழகிவிடும். பிறகு இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால்கூடச் செடி தாங்காது. நாற்று நட்ட முதல் பத்து நாட்கள் வேர் சிறிதாக இருப்பதால் சிறிது சிறிதாகத்தான் நீர் விடவேண்டும். வேர் பிடித்தபின் இடைவெளியை மெல்ல நீட்டி, ஒவ்வொரு முறையும் ஆழமாக நனைத்துவந்தால் கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றின் வேர் கீழே இறங்கும். கீரைக்கு இந்தப் பயிற்சி உதவாது. அதன் வேர் மேலாகவே இருக்கும். வாழ்நாளும் ஒரு மாதம்தான்.

உப்புத் தண்ணீர்

புதுவை நகரின் பாரதி பூங்கா நடுவே வெண்ணிறத்தில் நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மேற்கே முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக அது எழுப்பப்பட்டது. கடலை ஒட்டிய நகருக்கு நல்ல நீர் மேற்கிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதைத் தோட்டக்காரரும் நினைவில் வைத்துக்கொள்வது பயனுள்ளது.

கடலோரத்தில் மண்ணுக்கடியில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீர் சற்றுக் கனமானது என்பதே காரணம். நல்ல நீரின் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் அடியிலுள்ள உப்பு நீர் நாற்பது மீட்டர் வரை மேலேற இடமுண்டு என்பது நிலநீர் நூல்களில் வரும் கணக்கு. ஆகவே கடலோரக் கிணற்றில் மோட்டார் வைத்து அடிவரை உறிஞ்சுவது கூடாது. காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று இறைத்தால் மேல் நீர் கிடைக்கும். ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிட்டது என்று இன்னும் ஆழமாகப் போடுவோர், பல இடங்களில் அதைவிட உப்பான நீரையே விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நீரில் உள்ள உப்பை அதன் மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறோம். ஆய்வறிக்கையில் இது டெசிசைமன் என்ற அலகில் இருக்கும். பழைய அறிக்கைகளில் மில்லிமோ என்றிருக்கும். எண் இரண்டிலும் ஒன்றே. 0.7-க்குக் குறைந்த நீரை எந்தக் காய்கறிக்கும் தயக்கமின்றி விடலாம். 3-க்கு மேற்பட்டது பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்றதல்ல. இடைப்பட்ட நீரில் பயிரைத் தெரிந்தெடுக்கவேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை 0.7, 0.8 அளவைத் தாண்டியதுமே விளைச்சலில் குறையத் தொடங்கும். மிளகாய் 1 வரையிலும், முட்டைக்கோசு 1.2 வரையிலும், தக்காளியும் வெள்ளரியும் 1.7 வரையிலும் குறைவின்றித் தாங்கும். பீட்ரூட் 2.7 வரை தாங்கும். காராமணி 3-ஐயும் சற்றுத் தாண்டும். வெங்காயம் வரவில்லை என்று வருந்தும் கடலோர வீடுகள் காராமணிப் பந்தலுக்கு மாறிப் பார்க்கலாம்.

1.5 அளவுள்ள நீர் நாக்குக்கு இலேசாகத்தான் கரிக்கும். பலர் இதை நல்ல தண்ணீர் என்றே சொல்வார்கள். இந்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு சென்ட் தோட்டத்திற்கு நாளொன்றுக்கு 160 லிட்டர் விட்டால் 160 கிராம் உப்பு. ஒரு மாதத்தில் 4.8 கிலோ. கோடை மூன்று மாதத்தில் 14 கிலோவுக்கு மேல்! நீரைச் செடி குடித்துவிடுகிறது, வெயில் ஆவியாக்கிவிடுகிறது. உப்பை இருவரும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். சமையலறை உப்பு மூட்டையைப் பிரித்து நம் பாத்தியில் நாமே தூவமாட்டோம். ஆனால் வாளி வாளியாக அதையே செய்கிறோம்.

இந்த உப்பு எங்கே தங்குகிறது என்பது நீர் விடும் முறையைப் பொறுத்தது. சிறிதளவு நீரை அடிக்கடி தெளித்தால் உப்பு வேர்ப் பகுதியிலேயே நின்று, மேல் மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். ஆகவே உப்பு நீர் விடுவோர் வழக்கமான அளவைவிட ஆறில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாக விட்டு, உப்பை வேருக்குக் கீழே கழுவித் தள்ளவேண்டும். மேலே சொன்ன பயிர்வாரி அளவுகளும் இப்படிக் கழுவுவதை வைத்தே கூறப்பட்டவை. மணலிலும் செம்மண்ணிலும் இது எளிது. வடிகால் இல்லாத களியில் கூடுதல் நீர் கீழே போக வழியின்றி நின்று, உப்போடு வேரழுகலையும் தரும். களி நிலத்தில் முதல் வேலை வடிகால் வெட்டுவதும், மக்கிய எரு இட்டு மண்ணைப் பொலபொலப்பாக்குவதும்தான். கிணற்று நீரில் சோடியம் மிகுதி என்று ஆய்வில் தெரிந்தால், ஆய்வாளர் கூறும் அளவில் ஜிப்சம் இடலாம், தெரியாமல் இடவேண்டாம்.

உப்பு நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடவேண்டும். இலைமேல் விழுந்த துளி உலரும்போது உப்பு அங்கேயே செறிந்து ஓரத்தைக் கருக்கும். பார் பிடித்துச் சாலில் நீர் விடுவோர் விதையைப் பாரின் உச்சியில் ஊன்றக் கூடாது. இரு பக்கச் சாலிலிருந்தும் ஊறும் நீர் உப்பைச் சுமந்துகொண்டு உச்சியில்தான் வந்து சேரும். பாரின் சரிவில், நீர் தொடும் இடத்திற்குச் சற்று மேலே ஊன்றுவது நல்லது. விதை முளைக்கும் பருவமும் நாற்றுப் பருவமும் உப்பை அறவே தாங்காதவை. மழைநீரைச் சேமித்து வைத்திருப்பவர் அதை நாற்றங்காலுக்கென்றே ஒதுக்கவேண்டும். உப்பு நீரோடு சம அளவு மழைநீர் கலந்தால் உப்பின் செறிவு ஏறக்குறைய பாதியாகும். அதுவும் நல்ல வழியே.

தொட்டியில் ஓர் இரவு நிறுத்தி வைத்தால் உப்பு அடியில் தங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தங்குவது மண்ணும் கலங்கலும்தான். கரைந்த உப்பு நீரை விட்டுப் பிரியாது. வெயிலில் நின்ற தொட்டியில் நீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடியிருக்கும். இப்போது வீடுதோறும் வந்துவிட்ட குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவு நீரையும் வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். குடிக்கும் நீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. கிணற்று நீரே உப்பாக உள்ள வீட்டில் அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், பாத்திக்கு வேண்டாம். சோப்பு நீருக்கும் இதுவே சொல்லவேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக விடலாம்.

செடி சொல்வதைப் புரிந்துகொள்ளுதல்

நண்பகலில் பூசணி, சுரை, கத்தரி இலைகள் தொங்குவதைக் கண்டு பதறிக் குடத்தைத் தூக்கவேண்டாம். வேர் இழுக்கும் வேகத்தைவிட இலை வெளிவிடும் வேகம் அப்போது அதிகம்; வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கும் வாடியே இருந்தால்தான் கவலைப்படவேண்டும். அப்போதும் முதலில் மண்ணைக் கொத்திப் பாருங்கள். மண் உலர்ந்திருந்தால் தாகம், நீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேர் அழுகியிருக்கலாம் அல்லது வாடல் நோய் கண்டிருக்கலாம். அந்நிலையில் மேலும் நீர் விடுவது மூச்சுத் திணறுபவரை நீரில் அமுக்குவது போன்றது.

தக்காளிக்கு நீர் விடுவதில் ஒழுங்கு மிக முக்கியம். சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடுதான் காய்க்குப் போய்ச் சேரும். பத்து நாள் காயவிட்டுப் பிறகு நிரப்பினால் இடையில் அந்த ஓட்டம் தடைபட்டு, காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழும். பழுக்கும் தறுவாயில் உள்ளவை வெடிக்கும். உப்பு நீர் இக்குறையை இன்னும் பெருக்கும். மிளகாயில் பூக்கும் சமயம் வறட்சி, வெள்ளம் இரண்டுமே பூவை உதிர்க்கும். வெள்ளரி நீர்ப் பற்றாக்குறையில் கசக்கும். முள்ளங்கி காரமேறிச் சடைத்துப் போகும்.

நாற்றங்காலில் தவறு பெரும்பாலும் மறுபக்கம்தான் நடக்கிறது. அன்பு மிகுதியால் காலை, நண்பகல், மாலை என்று பூவாளியைத் தூக்கிவிடுகிறோம். எப்போதும் ஈரமாக உள்ள மேல்மண்ணில் நாற்றழுகல் பூசணம் பெருகி, இரவோடு இரவாக நாற்றுகள் தண்டடியில் நைந்து சாயும். காலை ஒரு முறை, கடும் வெயிலில் மாலை மூன்று மணி வாக்கில் இன்னொரு முறை பூவாளியால் விட்டு, இரவுக்குள் மேல்மண் சற்று உலருமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். வளர்ந்த செடிகளுக்கும் காலை வேளையே ஏற்றது.

நீரை மிச்சப்படுத்தும் வழிகள்

நிலப்போர்வை இதில் முதன்மையானது. கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த தழை, மல்லாட்டைத் தோல் என்று எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை 5 செ.மீ. கனத்திற்குச் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்டை மட்டும் ஒட்டவிடவேண்டாம். வெயில் மண்ணைத் தொடாததால் ஆவியாதல் குறையும். உப்பு மேலே பூப்பதும் குறையும். கரையான் உள்ள இடத்தில் அடிக்கடி கிளறிப் பார்க்கவேண்டும். மணல் பாத்தியில் ஏரி வண்டலும் மக்கிய எருவும் ஆண்டுதோறும் கலந்துவந்தால் மண் நீரைப் பிடிக்கும் திறன் படிப்படியாகக் கூடும்.

படரும் கொடிகளுக்குப் பானைப் பாசனத்தைப் பரிந்துரைப்பேன். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலைப்பாட்டுக்குப் பெயர்போன வில்லியனூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து முதல் எட்டு லிட்டர் கொள்ளும், மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, சுற்றிலும் நாலைந்து பாகல் அல்லது சுரை விதையை ஊன்றி, நீர் நிரப்பி மூடி வையுங்கள். மண் உலர உலரப் பானை கசியும்; மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். உப்பு நீர் ஊற்றினால் பானையின் நுண்துளைகள் அடைபடும். பருவம் முடிந்ததும் தோண்டியெடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். 200 லிட்டர் டிரம்மை ஒரு மீட்டர் உயர மேடையில் வைத்துச் சொட்டுக் குழாய் இணைப்பதும் சிறு தோட்டத்திற்கு ஏற்றதே. வடிகட்டி இல்லாமல் இணைத்தால் மாதம் முழுவதும் ஊசி வைத்துக் குத்திக்கொண்டிருக்க வேண்டிவரும்.

மழைக்காலம்

புதுவையில் ஆண்டுக்குச் சராசரி 1,300 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 18,000 லிட்டருக்கு மேல் என்று பொருள். நம் கோடைக் கணக்கில் இது மூன்றரை மாதத் தேவை! ஒரே நாளில் வந்ததால் கடலுக்குப் போயிற்று. போகும் வழியில் தாழ்ந்த பாத்திகளில் நின்ற கத்தரியையும் மிளகாயையும் கொண்டுபோயிற்று.

ஆகையால் புரட்டாசிக்குள் மழைக்காலப் பாத்திகளைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, சுற்றிலும் வடிகால் வெட்டி, அது தெருக் கால்வாயில் சேருமாறு சரிவு பார்த்துவிடவேண்டும். மழை நின்றதும் பாத்தி நீர் ஒரு நாளுக்குள் வடியவேண்டும். இந்த மழைதான் கோடையில் நாம் சேர்த்த உப்பைக் கழுவும் ஒரே பெரிய பாசனம் என்பதால், வடிகால் இருந்தால் அது செலவில்லாத மண் மருத்துவமாகும். மழை வடிந்து மண் கால் ஒட்டாத பதத்திற்கு வந்ததும் மேலாகக் கொத்திவிட்டு எரு இடுங்கள். கழுவலில் தழைச்சத்தும் போயிருக்கும்.

500 சதுர அடி மாடியில் ஓராண்டில் விழும் மழையில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் 48,000 லிட்டர் கிடைக்கும். அத்தனையும் சேமிக்கத் தொட்டி கட்டுவது எல்லார்க்கும் இயலாது. ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றை நாற்றங்காலுக்கென வைத்துக்கொண்டு, மீதியை மணல், சரளை வழியாக வடிகட்டிக் கிணற்றில் இறக்கலாம். மாடியைக் கழுவி வரும் முதல் மழைநீரை மட்டும் வெளியே விட்டுவிடவேண்டும். கடலோர வீடுகளில் நல்ல நீரின் மட்டத்தை உயர்த்தி உப்பு நீரைக் கீழே அழுத்த நம் கையிலுள்ள எளிய வழி இது.

நீரை ஆய்வு செய்தல்

ஒரே கிணற்று நீரில் மாசியில் உள்ள உப்பும் வைகாசியில் உள்ள உப்பும் ஒன்றாக இருக்காது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலம் முடிந்து ஒரு முறையும் கடும் கோடையில் ஒரு முறையும், ஆய்வு செய்வது நல்லது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது நம் புதுவையில்தான். குரும்பாப்பேட்டில் இயங்கும் அந்நிலையத்தை, பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை, அணுகி மண், நீர் ஆய்வு பற்றிய ஆலோசனை பெறலாம். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் போனபின் பிடிக்கவேண்டும். கைக்கிணறானால் நாலைந்து வாளி இறைத்துவிட்டு எடுக்கலாம். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, இறுக மூடுங்கள். மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி கூடாது. பெயர், ஊர், கிணற்றின் ஆழம், மாதிரி எடுத்த நாள், பயிரிட எண்ணியுள்ள காய்கறிகள் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிப் பாட்டிலில் கட்டி, அன்றோ மறுநாளோ ஆய்வுக்குச் சேர்த்துவிடவேண்டும்.